குழந்தைகளை வைத்து ஒரு சோதனை ஓட்டம்

அந்த யோசனை எனக்குத் தோன்றிய இடம் ஒரு கழிப்பறை. அதுவும் முழங்கால் உயரக் கழிப்பறை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் கட்டி முடித்திருந்தோம். கட்டடத்தை ஒப்படைப்பதற்கு முன் குழாய், விளக்கு, கழிவுநீர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்காக நானும் பிளம்பர் முனுசாமியும் உள்ளே நின்று, சுவரோரம் வரிசையாகப் பதித்திருந்த குட்டிக் குட்டிப் பீங்கான்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பக்கெட்ல தண்ணி ஊத்திப் பாத்துட்டேன் மேடம். போவுது. ஆனா ஆளு ஒக்காந்தா தாங்குமான்னு எப்டி சொல்றது? நா ஒக்காந்தா பீஸ் பீஸாப் பூடும்."

"நான் உட்காந்து பாக்கட்டுமா?"

"வேணாம் மேடம். அப்பறம் உங்கள வெளிய எடுக்க ஒரு டெண்டர் வுடணும்." தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "இத்த டெஸ்ட் பண்றதுக்குக் குயந்தைங்கதான் வேணும்."

அவர் அதை ஒரு அலுப்பாகத்தான் சொன்னார். எனக்கோ தலைக்குள் ஏதோ கிர்ரென்று சுற்றியது. குழந்தைகளுக்காகக் கட்டிய கட்டடத்தைக் குழந்தைகளைக் கொண்டுதானே சோதிக்க முடியும்? பல மாதமாகப் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்தைத் திறக்க, எங்கள் விதிப் புத்தகத்திலேயே ஒரு வாசல் இருந்திருக்கிறது.

சற்று நிறுத்தி, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வயது முப்பத்திரண்டு. ஓய்வு பெற்றவர்களின் அனுபவப் பக்கத்துக்கு எழுதச் சொல்லிப் பொறியாளர் சங்கப் பத்திரிகையிலிருந்து கேட்டபோது, ராஜினாமா செய்தவளுக்கு அங்கே என்ன இடம் என்று கேட்டேன். "மேடம், நீங்க சர்வீஸ்ல இல்ல. அனுபவம் இருக்கு. நேரம் இருக்கு. வேற என்ன தகுதி வேணும்?" என்றார்கள். நேரம் இருக்கிறது என்பது மட்டும் பொய்.

புதிதாகச் சேரும் உதவிப் பொறியாளர்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மேல ஒரு கட்சிக்காரரத் தலைவராப் போட்டிருக்காங்க மேடம். அவர் ஒண்ணு சொல்றார், விதி ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்கறது?" சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விக்குள் நான் மாட்டிக்கொண்டு நின்ற ஓர் அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு. சிவில் படித்தேன், தேர்வு எழுதினேன், பயிற்சியில் கான்கிரீட் கட்டைகளை உடைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், அதைவிட முக்கியமாக எங்கே போடக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் எங்கள் கோட்டத்தில் வந்து விழுந்தேன். பயிற்சி அவ்வளவுதான். உண்மையான பயிற்சி செயற்பொறியாளர் பரந்தாமன் சாரின் அறையில் தொடங்கியது.

பரந்தாமன் சாருக்குத் திருநின்றவூரில் வீடு. அங்கிருந்து ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில். அலுவலகத்துக்கு வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே ஒரு நாள் வேலையை முடித்தவர்போல இருப்பார். மேசையில் அவருடையது என்று சொல்ல ஒரு டிபன் பாக்ஸைத் தவிர வேறொன்றும் கிடையாது. படம் இல்லை, காலண்டர் இல்லை, பேனா ஸ்டாண்டு இல்லை. அவரை அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள். "மாத்தல் ஆர்டர் வந்தா டிபன் பாக்ஸை எடுத்துட்டுக் கிளம்பிடணும்மா. மிச்சத்தை மூட்டை கட்டிட்டு நிக்கறதுதான் அவமானம்" என்பார்.

எந்தக் கோப்பை வைத்தாலும் பச்சை மையில் ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்புவார்: "பேசுக." அப்படியென்றால் நேரில் போய் விவாதிக்க வேண்டும். போனால் உட்காரச் சொல்வார். கோப்பை நம்மையே சத்தமாகப் படிக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விதி பலவீனமாக இருக்கும் இடம் வந்ததும் ஒரு விரல் உயரும். நாம் நிறுத்துவோம். விரல் இறங்கும், தொடருவோம். கடைசியில் "சரி, வைம்மா" என்பார். கோப்பு இடதுபக்கத் தட்டுக்குப் போகும். இடதுபக்கத் தட்டுக்குப் போன எதுவும் வெளியே வந்ததாக எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை.

அவர் சோம்பேறி இல்லை. கை நீட்டுகிறவரும் இல்லை. எழுத மாட்டார், அவ்வளவுதான். யாரோ ஒரு பெரிய மனிதர் போனில் சொன்னதை நம்பி எழுதி, பிறகு அந்தப் பெரிய மனிதர் "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று கையை விரித்த அனுபவம் அவருக்கு உண்டு என்று பழையவர்கள் சொல்வார்கள்.

இனி தலைவர். எங்கள் தொழிற்பேட்டைக்கு ஒரு நலக்குழு உண்டு. காப்பகம், குடிநீர், ஓய்வறை எல்லாம் அதன் கீழ் வரும். அதன் தலைவரை மேலிடம் நியமிக்கும். முன்பெல்லாம் ஓய்வு பெற்ற அதிகாரி யாரையாவது போடுவார்களாம். என் காலத்தில் வந்தவர் தணிகாசலம். பொன்னேரிக்காரர், கட்சிக்காரர், கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். முதல் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பரந்தாமன் சாரிடம் கேட்டது: "இங்க நாஷ்டா எங்க சார் வாங்குவீங்க?" வாங்கி வந்த இட்லியை ஒரு வாய் வைத்துவிட்டு, "உளுந்து பத்தல" என்று அறிக்கை கொடுத்தார். அதற்கு முன் எங்கள் துறையில் யாரும் அவ்வளவு விரைவாக ஒரு ஆய்வை முடித்ததில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒருநாள் அவரே சொன்னார்: "நா எலெக்‌ஷன்ல ஜெயிச்சு வந்தவன் இல்லம்மா. உன்ன மாதிரி பாஸ் பண்ணிக்கினு வந்தவனும் இல்ல. ரெண்டு பக்கமும் 'நியமனம்'னு சொல்லி சிரிக்கறானுங்க. அதனால ஒரு கல்லுலயாவது எம்பேரு கெடக்கட்டும்."

கல் என்றால் திறப்பு விழாக் கல்வெட்டு. காப்பகம் பூட்டிக் கிடந்ததற்குக் காரணமே அதுதான். சென்னையிலிருந்து ஒரு வி.ஐ.பி. வந்து திறக்க வேண்டும் என்பது தணிகாசலத்தின் ஆசை. தேதி கொடுத்தார்கள். கருப்புக் கிரானைட்டில் பெயர், தேதி எல்லாம் பொறித்தோம். வி.ஐ.பி.க்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த தேதிக்கு அதே கல்லின் பின்பக்கத்தில் பொறித்தோம். அந்தத் தேதியில் அவருக்கு வேறு ஊரில் வேறு கல். இரண்டு பக்கமும் எழுதித் தீர்ந்த அந்தக் கல்லை முனுசாமி கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகப் பதித்துவிட்டார். மூன்றாவது கல் வந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, சுவரில் பதித்து, மேலே பட்டுத் துணியும் போட்டாயிற்று. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. "ஆடில எவனாவது ரிப்பன் வெட்டுவானா?" என்றார் தலைவர்.

உள்ளே தொட்டில் இருந்தது, பால் பவுடர் இருந்தது, பொம்மை இருந்தது. காப்பகத்துக்கு நியமித்த ஆயாகூட இருந்தார். தினமும் வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்.

இத்தனைக்கும் எதிர்ச் சாரியில்தான் ஸ்டெல்லா அக்கா வேலை செய்தார்.

பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற கம்பெனி. அவருடைய அப்பா அம்மா வயலில் கூலிக்குப் போனவர்கள். ஸ்டெல்லா அக்காதான் அந்த வீட்டில் முதலில் கம்பெனிக்குள் நுழைந்தவர். கணவர் ஆந்திராவுக்கு லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகன் ஜோயலுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் எழும்பியபோது எங்கள் மணல் குவியல்தான் அவனுக்குக் காப்பகம். குவியல் தீர்ந்ததும் கம்பெனி வாட்ச்மேன் அறைக்கு மாறினான்.

கழிப்பறையில் யோசனை வந்த அதே வாரம், சாலையில் என்னை நிறுத்தினார் ஸ்டெல்லா அக்கா.

"மேடம், ஒண்ணாந்தேதிலேர்ந்து கேட்ல புள்ளைய வெச்சிக்கக் கூடாதாம். சேஃப்டி செக்கிங் வருதாம். சூப்பர்வைசர் கறாரா சொல்லிட்டான். லீவு போட்டா வேற ஆளு போட்டுருவான். வர்ற மாசத்த ஓட்டிட்டா பர்மனென்ட் பண்ணி கம்பெனி ரோல்ல ஏத்தறேன்னு சொல்லிக்கினு கீறான். இப்பப் போய் பேஜாராயிடுச்சு பாருங்க."

"விழா முடிஞ்சா திறந்துடுவாங்கக்கா."

"எப்ப முடியும்?"

தேதி எழுதாத அந்தக் கல் நினைவுக்கு வந்தது.

"இன்னா மேடம், ஊட்ட கட்டிட்டு சாவிய சாமிகிட்டயா குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஷிஃப்ட்டுக்கு ஓடினார். மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை.

அன்றே குறிப்பு எழுதினேன். காப்பகக் கட்டடத்தின் குழாய், கழிவறை, கதவு ஆகியவற்றை அவற்றைப் பயன்படுத்தப்போகும் வயதினரைக் கொண்டே சோதிக்க வேண்டியிருப்பதால், ஆயாவின் மேற்பார்வையில் குழந்தைகளைப் பகல் நேரத்தில் அனுமதித்துச் சோதனை ஓட்டம் நடத்தலாம் என்று. கோப்பு மாலையே திரும்பியது. பச்சை மை. "பேசுக."

போய் உட்கார்ந்தேன். படித்தேன். 'வயதினரைக் கொண்டே' என்ற இடத்தில் விரல் உயர்ந்தது.

"குழந்தைகளை வெச்சுச் சோதிக்கணும்னு விதியில இருக்கா?"

"பயன்பாட்டு நிலையில சோதிக்கணும்னு இருக்கு சார். இந்தக் கட்டடத்துக்குப் பயன்பாடுன்னா குழந்தைங்கதான். முனுசாமியை உட்கார வெச்சா உடைஞ்சிடும்."

விரல் இறங்கியது. தொடர்ந்து படித்தேன். 'சோதனைக் காலம்' என்ற இடத்தில் மறுபடி உயர்ந்தது.

"எத்தனை நாள்?"

"நாள் சொல்லலை சார். குறை தீரும் வரைக்கும்தான்."

"குறை தீருமா?"

"நம்ம கட்டடத்துல எப்ப சார் தீர்ந்திருக்கு?"

கண்ணைத் திறந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு கேட்டார், "இதுல யாருக்கும்மா அவசரம்?"

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் இடதுபக்கத் தட்டைப் பார்த்தார். கோப்பை அதில் வைக்கவில்லை. பச்சைப் பேனாவைத் திறந்து எழுதினார்: "விதிப்படி சோதிக்கவும். நானும் வருகிறேன்." கீழே கையெழுத்து. அந்த 'நானும் வருகிறேன்' எதற்கு என்று புரிய எனக்கு இரண்டு நொடி ஆயிற்று. நாளைக்கு யாராவது கேட்டால் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்லும் வழியை அவர் தன் கையாலேயே அடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஜோயல் முதல் ஆளாக வந்து, அங்கே பல காலம் வேலை பார்த்தவன்போல ஓர் ஆணியைத் தேர்ந்தெடுத்துப் பையை மாட்டினான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சோதனை உண்மையிலேயே சோதனையாக அமைந்தது. கை கழுவும் குழாயைப் பிள்ளைகளால் திறக்க முடிந்தது, மூட முடியவில்லை. மேல்தொட்டி மதியத்துக்குள் காலி. சறுக்கு மேடை முடியும் இடத்தில் ஒரு மின்சார பிளக் இருந்தது. இதையெல்லாம் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடிக்க முடியாது. நான் குறித்துக்கொண்டேன், முனுசாமி சரி செய்தார், பரந்தாமன் சார் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்துக்கு வர உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

இரண்டாம் நாள் தலைவரின் கார் வந்தது.

இறங்கும்போதே சத்தம். "யாரு தொறந்தது? யாரக் கேட்டுத் தொறந்தீங்க? கல்லு மேல துணி அப்டியே கீது, உள்ள புள்ளைங்க கத்தறது ரோடு வரிக்கும் கேக்குது! மாப்ள வராம தாலி கட்டிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "மேடம்! ஜோயலு கக்கூஸ்குள்ள பூந்து தாப்பா போட்டுக்கினான்! தொறக்கத் தெரியல!"

கதவும் தாழ்ப்பாளும் மேலிருந்து வந்த பொது வரைபடத்தில் இருந்தவை. பெரியவர்களின் கதவை அப்படியே குள்ளமாக்கியிருந்தார்கள். தாழ்ப்பாள் சரியாக ஒரு பிள்ளையின் கை உயரத்தில். பாதுகாப்புக்கு வைத்தது.

"அவங்கம்மாவுக்குப் போன் போடவா?" என்றார் ஆயா.

"வேணாம்" என்றேன். போன் போனால் ஸ்டெல்லா அக்கா மெஷினை விட்டுவிட்டு ஓடி வருவார். மெஷின் முன்னால் வேறொருத்தி நிற்பாள். கோபப்பட வந்த தலைவரும் நிலைமையைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். "நவுருங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழிப்பறைத் தரையில் குப்புறப் படுத்து, கதவின் கீழ்ச் சந்தில் முகத்தை வைத்தார்.

"நைனா, ஜோயலு! தாத்தா வந்துகீறேன். ஜிலேபி வேணுமா?"

உள்ளே ஃபிளஷ் சத்தம். "வாணாம்."

"மைசூர்பா?"

மறுபடி ஃபிளஷ். "வாணாம்."

"பாதுஷா செஞ்சு தரேன்டா. நானே செய்யறேன். நெய்ல."

"வாணாம்."

தொழிலில் இவ்வளவு பெரிய தோல்வியை அவர் சந்தித்திருக்க மாட்டார். "பின்ன இன்னாதான்டா வேணும்?"

"தண்ணி உடணும்."

முனுசாமி கதவுக் கீலின் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குழாயும் திறந்திருக்க வேண்டும், சந்து வழியாகத் தண்ணீர் வழிந்து தலைவரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது. அவர் நகரவில்லை. "இரு நைனா, பயப்படாத, தாத்தா இங்கதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே பயந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. கதவு கையோடு வந்தது. ஜோயல் ஃபிளஷ் பிடியில் ஒரு கை வைத்தபடி, தரையில் கிடந்த எங்கள் நலக்குழுத் தலைவரைக் குனிந்து பார்த்து ஒரே உத்தரவு போட்டான்: "மூடு!"

தலைவர் எழுந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க முனுசாமி வெளியே போய்விட்டார்.

"இன்ஜினீயர் சார், இப்பவே பூட்டுங்க. விழா முடியற வரிக்கும் ஒரு புள்ள உள்ள வரக் கூடாது. சொல்லிட்டேன்."

பரந்தாமன் சார் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்து நின்றார். "பூட்டிடலாம் தலைவரே. ஒரே வரி எழுதிக் குடுங்க. குறை இருக்குன்னு தெரிஞ்சும் சோதனையை நிறுத்தச் சொல்றேன்னு. கீழ உங்க கையெழுத்து."

"நா எங்க சார் எழுதறது? நா வாயால சொல்றவன்."

"நானும் இவ்வளவு நாளா வாயாலதான் வேலை பாத்தேன். இந்தத் தடவை எழுதிட்டேன். எழுதினதை எழுத்தாலதான் மாத்த முடியும்."

"நா மேல ஒரு போன் போட்டா நீங்க இந்த ஊர்ல இருக்க மாட்டீங்க. தெரியுமில்ல?"

"தெரியும். டிபன் பாக்ஸைக் கழுவித்தான் வெச்சிருக்கேன்."

சொன்ன விதத்தில் வீராப்பு எதுவும் இல்லை. ரயில் நேரம் சொல்வதுபோல இருந்தது. என் வாய் சும்மா இருக்காது.

"தலைவரே, இதே விழா அன்னிக்கு நடந்திருந்தா? வி.ஐ.பி. ரிப்பன் வெட்டிட்டு உள்ள வராரு, டி.வி. கேமரா வருது, புள்ள உள்ள மாட்டிக்கிச்சுன்னு அவங்கம்மா கதறுறாங்க. கல்லுல உங்க பேரு இருக்கு."

தலைவர் கண்ணுக்குள் அந்தக் காட்சி ஓடுவது தெரிந்தது. கழற்றி வைத்த கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தடவினார்.

"அட ஆமாம்மா" என்றார் மெதுவாக. பிறகு குரல் மாறியது, சமையல் கட்டில் நிற்கிற குரல். "பந்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒரு இலை போட்டு ருசி பாக்காம நா எந்தக் கல்யாணத்துலயும் ஒரு ஆள ஒக்கார வெச்சதில்ல. இத்த அப்டி சொல்லியிருந்தா ஆரம்பத்துலயே ஒத்துக்கினு இருப்பேனே! 'சோதனை ஓட்டம்'னா எனக்கு இன்னா தெரியும்? ஏதோ மோட்டாருன்னு நெனச்சேன்." பரந்தாமன் சாரின் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "ஓட்டுங்க. ஆனா கல்லு மேல துணிய மட்டும் எவனும் தொடக் கூடாது."

"தொட மாட்டோம்" என்றார் சார்.

ஒன்றாம் தேதி காலை ஷிஃப்ட்டுக்கு ஸ்டெல்லா அக்கா பிள்ளையை விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடினார். அந்த மாதக் கடைசியில் கம்பெனி ரோலில் பெயர் ஏறியது.

ஆடி முடிந்து விழாவும் நடந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து, புதிதாக உள்ளே போவதுபோல வரிசையில் நிறுத்தியிருந்தோம். மேடையில் பேச்சு நீண்டுகொண்டே போனது. ஜோயலுக்குப் பொறுமை போய்விட்டது. ரிப்பனுக்குக் கீழே குனிந்து, தினமும் போவதுபோல உள்ளே போய்ப் பையை மாட்டிவிட்டான். கேமராக்காரர் அதை எடுக்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வாரங்களில் பரந்தாமன் சாருக்கு மாற்றல் வந்தது. திருவள்ளூருக்கு. நான் கொதித்துப்போய்த் தலைவரிடம் நேராகவே கேட்டேன்.

"நீங்கதானே போன் போட்டீங்க?"

"ஆமா, போட்டேன். எதுத்துப் பேசின ஆள வெச்சிக்கினா அப்பறம் எம்பேச்ச எவன் கேப்பான்? அதுக்காக ராமநாதபுரமா போடச் சொன்னேன்? அவர் ஊட்லேர்ந்து இப்ப ஒரே ரயிலு. தண்டனையா சலுகையான்னு அவரே ரோசன பண்ணிக்கினு போவட்டும்."

சாரிடம் சொன்னபோது, டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே, "எழுத்துல கொடுத்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் சர்வீஸில்தான் இருந்திருப்பேன். ரோலில் ஏறியவர்களுக்குச் சுழற்சி ஷிஃப்ட் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டாவது ஷிஃப்ட் வந்தது. மதியம் போனால் முடிய ராத்திரி பத்து. காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும். பக்கத்து வீட்டில் கெஞ்சி ஒரு வாரம் ஓட்டினார். அடுத்த சுற்றுக்கு அந்த வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிலிருந்து சுற்றுக்கு ஒரு வீடு தேடி அலைகிறார். நான் உடனே விதிப் புத்தகத்தைத் தூக்கினேன். விளக்குகளை இருட்டில்தானே சோதிக்க முடியும்? இரவுச் சோதனை ஓட்டம்! புதிய செயற்பொறியாளர் கோப்பைத் தள்ளினார், அதில் அவர் மேல் தப்பில்லை. கட்டடம் ஒப்படைத்தாயிற்று. குறை தீர்ந்துவிட்டது. குழாயைச் சோதிப்பது பொறியாளரின் வேலை. எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், ராத்திரிக்கு இன்னொரு ஆயாவைப் போட வேண்டுமா என்பதெல்லாம் யாரோ உட்கார்ந்து பேசி, கை தூக்கி முடிவெடுக்க வேண்டியவை. அதை விதியின் சந்துபொந்தில் நுழைந்து நான் ஒருத்தியே முடிவெடுப்பது, யோசித்துப் பார்த்தால், தலைவர் வாயால் உத்தரவு போட்டதைவிட நல்ல காரியமில்லை.

ஆகவே தணிகாசலத்திடமே போனேன்.

"நேரத்தக் கூட்டணும்னா குழு கூடணும், தீர்மானம் போடணும். குழு கூடணும்னா மேல கேக்கணும். மேல கேட்டா டப்பு எங்கேர்ந்து வரும்னு கேப்பான்" என்றார். "எனக்குப் புரியாம இல்லம்மா. நா நியமனம். வெச்சவன் முகத்தப் பாத்துதான் நா பேச முடியும். உனக்கு அவ்ளோ துடிப்பா இருந்தா ஜெயிச்சு வந்து குழுவுல ஒக்காந்து கேளேன்!"

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் நலக்குழுவில் உள்ளூர் ஊராட்சித் தலைவருக்கு ஓர் இடம் உண்டு. நியமனமே தேவையில்லை, மக்கள் வாக்குப் போட்டால் தானாக வருகிற இடம். அரசு ஊழியர் தேர்தலில் நிற்க முடியாது. நான் பல ஆண்டுகளாக அங்கேயே வாடகைக்கு இருந்து, அந்த ஊர் வாக்காளர் ஆகியிருந்தேன். இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ராஜினாமாவை எழுதிக் கொடுத்தேன்.

அப்பா ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தேர்தல் தேதியே இன்னும் அறிவிக்கவில்லை என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார், பேசாமலே இருந்திருக்கலாம். தணிகாசலம் தன் மைத்துனரை எனக்கு எதிராக நிறுத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறார். "தப்பா நெனச்சிக்காத, இது கட்சி" என்று போனில் தைரியம் வேறு சொன்னார்.

ஆக, கேள்வி கேட்ட தம்பி தங்கைகளே, தலைவரைக் கேட்பதா விதியைக் கேட்பதா என்பதற்கு நான் கண்டது இவ்வளவுதான்: விதி உங்கள் பக்கம் இருந்தால் எழுதுங்கள், எழுதியதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். விதி ஊமையாக இருக்கும் இடத்தில் அதைப் பேச வைக்கப் பார்க்காதீர்கள். அங்கே வேறு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எல்லாரும் என்னைப்போல வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டில் என்னை அடிக்க வருவார்கள்.

முதல் வாக்குக் கேட்க நேற்றுக் காலை ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், கதவைத் திறந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா, வோட்டா?"

"ஆமாக்கா."

"ராத்திரி பத்து வரிக்கும் தொறந்து வெப்பியா?"

"முயற்சி பண்றேன்."

"முயற்சின்னு எங்க மெஷின்கிட்ட நா சொல்ல முடியுமா?" கதவில் சாய்ந்துகொண்டார். 'மேடம்' போய்விட்டது என்பதைக் கவனித்தேன். "கேளு. இந்தத் தெருவுல பாதிப் பேரு ரெண்டாவது ஷிஃப்ட்டு. காலைல வந்து கதவத் தட்டினா திட்டுதான் வாங்குவே. மதியம் கம்பெனி பஸ்சு வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் சாப்ட்டுக்கினு இருப்பாங்க. அப்ப வா. நா கூட வரேன். பேசறத மட்டும் நீ பேசு, சுருக்கமா பேசு."

நாளைக்கு மதியம் போகிறோம். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வீட்டில் தொடங்கி, பஸ் ஹாரன் கேட்பதற்குள் எத்தனை வாசல் முடிகிறதோ பார்க்க வேண்டும்.